உர்சுலாவின் பேஸைக் குறைக்கச் சொல்லாதீர்கள், மச்சான்

இயேசு மரி சூசை துணை

கேம்பல் லேன்,
சிங்கப்பூர்.
14-9-1986, ஞாயிறு

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் இயேசுதாசன் அவர்களுக்குச் சவரிராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை பிரிஜட்டும் தேக சுகத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம். மகள் உர்சுலாவும் நலம். வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை என்பதைத் தவிர அவளுக்கும் ஒரு குறைவுமில்லை. அங்கே கோலாலம்பூர் செந்தூலில் தாங்களும் வீட்டாரும் நலமாயிருக்க மாதாவிடம் மன்றாடுகிறோம்.

இனி விஷயம். நேற்று ஜவுளி வேனில் உங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்திருக்கும். அதில் ஒரு பெரிய ரீல் டேப், கேட்டுப் பார்க்க ஒரு கேசட், கையெழுத்துப் போட ஒரு தாள், மூன்றும் இருக்கும். உர்சுலாவின் பேண்ட் வாசித்த எட்டுப் பாட்டு அந்த ரீலில் இருக்கிறது. பேண்டில் நாலு பேருக்கும் இருபத்தொரு வயது ஆகவில்லை. ஆகவே கோலாலம்பூரில் இருக்கிற உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டு நேரில் ஒப்படைத்தால்தான் கேசட் அடிப்போம் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். புதன்கிழமை மூவாயிரம் கேசட் அடிக்கிறான். அடித்தபின் திருத்த வழியில்லை. நீங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்தைப் போட்டு ரீலைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். கேட்டுப் பார்க்க வேண்டாம். கேட்டாலும் அபிப்பிராயம் சொல்ல வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வருஷமாகப் பாடகர் குழு நடத்துகிறவர் நீங்கள். கல்யாண வீட்டில் மைக்செட்காரனைக் கூடத் திருத்தாமல் நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அதனால்தான் பயப்படுகிறேன். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பதற்கு இந்த ஒரு வாரக் கதையை நீங்கள் கேட்டாக வேண்டும். போனில் சொல்லலாமென்றால் கடையில் நாலு காது, வீட்டில் ரெண்டு காது. ஆகவே எழுதுகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் வருகிற ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புவேன்.

முதல் குற்றம் உங்கள் மேல்தான். நாலு வருஷத்துக்கு முன்பு கோயில் குழுவில் ஆள் இல்லையென்று சும்மா கிடந்த அந்த நாலு தந்தி பேஸ் கிட்டாரைப் பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று தூக்கிக் கொடுத்தது யார்? திவ்விய பலிபூசைக்கு வாசிப்பாள் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். அவள் போய்ச் சேர்ந்த இடம் ஹெவி மெட்டல். அது என்ன சங்கீதம் என்று கேட்டால், நம் தெம்பனிஸ் வீட்டுக்குப் பக்கத்தில் எம்.ஆர்.டி. ரயிலுக்காகத் தூண் இறக்குகிறார்கள், அந்த மெஷினுக்குத் தாளம் தெரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கிட்டார் வாசிப்பவன் ஜமால் முகம்மது, பஃபலோ ரோட்டு ஜவுளிக்கடைக்காரர் மகன். பையன் தங்கம். ஆனால் கிட்டார் ஒயருக்கு நடுவில் ஒரு மிதிப்பெட்டி வைத்திருக்கிறான். அதைக் காலால் அமுக்கினால் ஒரு தந்தியின் ஓசை நூறு தந்தியாகக் கிழிந்து சுவர் மாதிரி எழும்பும். அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு என் மகள் வாசிக்கிறாள். இந்த ஏற்பாடு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. எந்தக் கடையாக இருந்தாலும் சரக்கு முன்னால் தெரிய வேண்டும்.

பதிவு செய்தது கேலாங்கில், பேரின்பநாயகம் மாஸ்டரின் மாடி ஸ்டூடியோவில். யாழ்ப்பாணத்து மனுஷர். முப்பது வருஷம் ரேடியோக் கம்பிகளோடு அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் தேவாரம் பதிவு செய்வார், மத்தியானம் இந்தப் பிள்ளைகளை. அங்கே ஒவ்வொருவர் வாசிப்பையும் தனித்தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் எதில் எவ்வளவு என்று அளந்து ஒன்றாகக் கலக்கிறார்கள். அதற்குப் பெயர் மிக்சிங். மசாலா கூட்டுகிற வேலைதான், வேறொன்றுமில்லை. ஆனால் மசாலாவை நாக்கில் வைத்துப் பார்க்கிறோம், இதை ஸ்பீக்கரில் வைத்துத்தான் பார்க்க முடியும். மிக்சிங் தொடங்குகிற அன்றைக்கே ஜமாலின் கிட்டார் மாஸ்டருடைய ஸ்பீக்கர் இரண்டையும் கிழித்துவிட்டது. தேவாரம் மட்டுமே கேட்டுப் பழகிய ஸ்பீக்கர், பாவம். உடனே உர்சுலா கடைக்கு ஓடி வந்தாள். "அப்பா, நம்ம டெமோ செட்ட ரெண்டு வாரத்துக்குத் தாங்கப்பா. அதுல கேட்டா எனக்குக் கரெக்டா தெரியும், பொறந்ததுலேர்ந்து கேக்குறேன்ல" என்றாள். கடைக்கு முன்னால் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டும் செட் அது. ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும், எல்லாம் நானே பூட்டியது. மகள் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே டாக்சியில் ஏற்றிக் கொண்டுபோய் கேலாங்கில் இறக்கிக் கொடுத்தேன். அந்த டாக்சியை அன்றைக்கு யாராவது நடுரோட்டில் மறித்திருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை மிக்சிங் முடிந்து கேசட் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜமாலின் அப்பா வேன் கோலாலம்பூருக்குக் கிளம்பும், அதில் ரீல் போக வேண்டும். உர்சுலா எனக்குக் கேசட்டைக் கொடுக்கவில்லை. நான்தான் மறுநாள் அவள் பையிலிருந்து எடுத்துப்போய்க் கடையில் போட்டேன். டெமோ செட் கேலாங்கில் இருந்ததால், ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஜப்பான் செட்டில் போட்டேன். ஜமால் கேட்டது, பாடுகிற பையன் கேட்டது, டிரம்ஸில் தகரம் எல்லாம் கேட்டது. என் மகளைக் காணோம். இரண்டாம் பாட்டு, காணோம். மூன்றாம் பாட்டு, காணோம். எங்கள் தெருவில் செட் வாங்க வருகிறவர்கள் ஸ்பீக்கர் பெட்டிமேல் ஒரு இருபது காசை வைத்துப் பார்ப்பார்கள். காசு துள்ளினால் அடிச்சத்தம், அதாவது பேஸ், இருக்கிறது, வாங்குவார்கள். துள்ளாவிட்டால் அடுத்த கடை. நான் இருபது காசை வைத்தேன். எட்டுப் பாட்டு முடியும்வரை அந்தக் காசு கல்லறைக் கல் மாதிரி கிடந்தது, மச்சான். நாலு வருஷம் விரல் தோல் உரிய வாசித்த பிள்ளை. மூவாயிரம் கேசட்டில் அவள் பெயர் அட்டையில் மட்டும்தான் இருக்கப்போகிறது.

எனக்கு வந்த கோபத்தில் கடையை அப்படியே போட்டுவிட்டு பஃபலோ ரோட்டுக்குப் போனேன். ஜமால் ஒரு அம்மாவுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, உன் கிட்டார இவ்வளவு தடியா வச்சா என் பொண்ணு எங்கடா நிப்பா? கடை வாசல் அஞ்சடி நடைபாதை முழுக்க உன் சரக்க அடுக்கிட்டா பக்கத்துக் கடைக்கு எவன் வருவான்?" என்றேன்.

"என்ன அங்கிள், எந்த அஞ்சடி?"

"பேஸ் எங்கடா? எட்டுப் பாட்டுல ஒரு துளி இருக்கா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "அங்கிள், சத்தியமா நான் குறைக்கல லா. உர்சுலாதான் குறைக்கச் சொன்னா. 'டூ மச், கீழ எடு, கீழ எடு'ன்னு ஒவ்வொரு பாட்டுக்கும் அவளே சொன்னா. மாஸ்டர்ட்ட கேட்டுப் பாருங்க."

"பொய் சொல்லாத."

"எங்க வீட்டுல போட்டுக் கேட்டேன் அங்கிள், நல்லாத்தான் இருக்கு. பேஸ் கும்முன்னு இருக்கு. எங்க வீட்டு செட்டும் உங்க கடைல வாங்குனதுதானே."

இந்த வார்த்தை என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. சேலை பார்த்த அம்மா வேறு, "ஏன் தம்பி பெரியவர்ட்ட வாய் பேசுற?" என்று அவனைத் திட்டிவிட்டுச் சேலை வாங்காமல் போய்விட்டார். நான் ஜெயித்தவன் மாதிரி திரும்பி வந்தேன்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் உர்சுலாவைக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அதே கேசட்டை நம் வீட்டு செட்டில் போட்டாள். மச்சான், பேஸ் வந்தது. தட்டில் ரசம் ஆடியது. "நல்லாத்தானேப்பா கேக்குது? இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்னுகூட நினைச்சேன்" என்றாள். பிரிஜட் என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, மீன் முள்ளா?" என்று கேட்டாள். முள்தான். பதினாலு வருஷத்து முள்.

நமக்குள் ஒளிவு எதற்கு, சொல்லிவிடுகிறேன். எழுபத்திரண்டில் நான் கடை திறந்தபோது என் கையில் பெரிய கம்பெனிப் பெயர் இல்லை. வருகிற ஆட்கள் எல்லாரும் அந்த இருபது காசை வைத்துத்தான் பார்த்தார்கள். ஆகவே நான் பூட்டுகிற ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளேயும் ஒரு சின்னக் கண்டென்சரைச் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்துவிடுவேன். வெளியே பேஸ் குமிழ் நடுவில் ஒழுங்காக நிற்கும். உள்ளே தரையோடு கிடக்கும் சத்தம் மட்டும் ஏற்கெனவே மூன்று மடங்கு ஏறியிருக்கும். காசு துள்ளும், ஆள் சிரிப்பான், பெட்டியைக் கட்டச் சொல்வான். இதை நான் ஏமாற்று என்று நினைத்ததில்லை. வாங்கியவன் ஒருவன்கூடத் திரும்பி வந்து பேஸ் அதிகம் என்று சொன்னதில்லை. டெமோ செட்டில் அது இருக்கிறது, வீட்டு செட்டிலும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் அந்தச் செட்டை நம்பி மிக்ஸ் பண்ணியிருக்கிறார்கள். இல்லாத பேஸ் அதிகமாகக் கேட்டிருக்கிறது. அதிகம் அதிகம் என்று, உள்ளதைக் குறைத்துவிட்டார்கள். என் மகளின் கையைப் பிடித்து அவள் வாசிப்பை அவளே அழிக்கும்படி செய்தவன் ஜமால் இல்லை, நான்.

நீங்களாக இருந்தால் உடனே சொல்லியிருப்பீர்கள். நான் சொல்லவில்லை. வியாபாரியின் வாய் தானாகத் திறக்காது. தெருவில் பாதி வீட்டில் என் பெட்டி இருக்கிறது. எதிர்க்கடை மருதப்பன் காதில் இது விழுந்தால் ஒரே வாரத்தில் என் பெயர்ப்பலகையை இறக்க வேண்டியதுதான். அதைவிட, பொறந்ததிலிருந்து கேட்கிறேன் என்று சொன்னவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆகவே சாமர்த்தியமாக முடித்துவிடலாம் என்று பார்த்தேன். வியாழக்கிழமை காலை சீல் உடைக்காத ஒரு ஜப்பான் செட்டைத் தூக்கிக்கொண்டு கேலாங் போனேன். "மாஸ்டர், இது என் அன்பளிப்பு, பழைய செட்டைத் திருப்பி எடுத்துக்கிறேன், புதுசுல ஒரு தடவை எல்லாத்தையும் கேட்டுப் பாத்துடுங்களேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று மாடி ஏறினேன்.

பாதிப் படியிலேயே சத்தம் கேட்டது. பாட்டு இல்லை, சண்டை. நான் ஜவுளிக்கடையில் திட்டியதை மனதில் வைத்துக்கொண்டு ஜமால் விடியற்காலையிலேயே வந்து, எட்டுப் பாட்டிலும் தன் கிட்டாரின் அடிக்கனத்தையெல்லாம் மாஸ்டரிடம் சொல்லி வெட்டி எறிந்திருக்கிறான். பெரியவர் மனசு கோணக்கூடாதாம். இப்போது அந்தக் கிட்டார் தகர டப்பாவுக்குள் மாட்டிய கொசு மாதிரி இருந்தது. பாடுகிற பையன், இந்தக் கொசுவோடு என்னால் பாட முடியாது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு என்னை இடித்துக்கொண்டு இறங்கிப் போனான். உள்ளே உர்சுலா, "யார் உன்ன இப்படிப் பண்ணச் சொன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜமால் என்னைப் பார்த்தான். பார்த்ததே போதும், அவள் திரும்பினாள்.

"அப்பா, கடைக்குப் போய் அவன அசிங்கப்படுத்துனீங்களா?"

"இல்லம்மா, நான் சும்மா பேஸ் பத்தி..."

"என் பேஸ் என் விஷயம்பா. பேண்ட் உடையுது. நாளைக்கு மூணு மணிக்கு டேப் போகணும். ப்ளீஸ், நீங்க போங்க."

மாஸ்டர் ஜப்பான் செட்டைப் பார்த்தார். "உதென்ன, சவரிராஜ்? எங்களுக்கு இப்ப செட் தேவையில்லை. பொறுமைதான் தேவை. அதிருந்தால் கொண்டு வாரும்" என்றார். நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப இறங்கினேன். அந்தப் பெட்டி அன்றைக்குக் கனத்த மாதிரி எந்தச் சரக்கும் எனக்குக் கனத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையை மூடினேன். பெரிய வெள்ளி தவிர வேறு எந்த வெள்ளிக்கும் நான் கடை மூடினதில்லை என்பது உங்களுக்கே தெரியும். எதிர்க்கடை மருதப்பன் ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு அண்ணே?" என்று கேட்டார். "இன்னும் ஆகல, ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் வெட்டுக் குறடும் எடுத்துக்கொண்டு, அந்த ஜப்பான் செட்டையும் தூக்கிக்கொண்டு கேலாங் போனேன். மாஸ்டர், உர்சுலா, ஜமால் மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொசுவையும் குறைந்த பேஸையும் அப்படியே அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். டேப்பைப் பெட்டியில் வைக்கும் நேரம்.

டெமோ செட்டின் ஒயரைப் பிடுங்கினேன், நாலு ஆணியைக் கழற்றினேன், மூடியைத் தூக்கினேன். உர்சுலா, "அப்பா, என்ன பண்றீங்க?" என்று எழுந்தாள். அந்தக் கண்டென்சரை வெட்டி எடுத்து மாஸ்டருடைய உள்ளங்கையில் வைத்தேன். மறுபடி ஒயரைக் குத்தி, "செவ்வாய்க்கிழமை மிக்ஸ போடுங்க" என்றேன்.

போட்டார்கள். ஜப்பான் செட்டில் நான் கேட்டதே வந்தது. ஜமால் இருந்தான், டிரம்ஸில் தகரம் இருந்தது, உர்சுலா இல்லை. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்கள்.

மாஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். "முதல் நாளே நான் சொன்னனான், பிள்ளை. உந்தப் பெட்டி கொஞ்சம் கனமாய்க் கதைக்குது எண்டு. நீதான், அது அப்பாவின்ரை செட், எனக்குத் தெரியும் எண்டனீ. தகப்பன்ரை செட் எண்டபடியால் நான் விட்டிட்டன்."

உர்சுலா என்னைப் பார்த்தாள். "எத்தனை வருஷமாப்பா?"

"எழுபத்திரண்டுலேர்ந்து."

"எல்லா செட்டுலயுமா?"

"நான் பூட்டுன எல்லாத்துலயும்."

"நம்ம வீட்டு செட்?"

"அதுலயுந்தான்மா."

அவள் அப்படியே கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஆறு வயசுல அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல படுத்துக் கெடப்பேன்பா. கீழேர்ந்து ஒரு சத்தம் வரும், நெஞ்சுக்குள்ள ஏறும். யாரு வாசிக்கிறாங்கன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, அதான் பேஸ்னு. அதக் கேட்டுட்டுத்தான் எனக்கு இதையே வாசிக்கணும்னு..." என்றாள். பதினாலு வருஷ வியாபாரத்தில் நான் விற்ற பொருளுக்கு நானே பதில் சொல்லத் தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான். யாராவது என்னைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்று பார்த்தேன், ஒருவரும் திட்டவில்லை. கடைசியில் ஜமால்தான் சிரித்துவிட்டான், மரியாதைக்கு வாயைப் பொத்திக்கொண்டு. "அப்ப எங்கப்பா பத்து வருஷமா ஏமாந்துட்டிருக்காரா அங்கிள்?" என்றான். "உங்கப்பா சந்தோஷமா இருக்காருல்ல, விடு" என்றேன். அதற்கு உர்சுலாவும் சிரித்திருப்பாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரிக்கவில்லை. சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்று. வேன் கிளம்ப நாலு மணி நேரம், எட்டுப் பாட்டு. மாஸ்டர் எழுந்து சட்டைக் கையை மடித்தார். "பாட்டுக்கு அரை மணித்தியாலம் தாறன். அழுறவை இருந்தால் பின்னேரம் அழுங்கோ" என்றார். முதல் வேலையாக ஜமாலின் கிட்டாருக்கு வெட்டிய கனத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சுவர் மறுபடி எழும்பியது. பிறகு உர்சுலாவின் பேஸை ஏற்றினார்கள். இப்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சேறாகிவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஒருவர் குறைத்தால் மற்றவர் தெரிவார் என்கிற கணக்கு இல்லை இது. கிட்டாருக்கு இடுப்புக்கு மேலே, பேஸுக்கு இடுப்புக்குக் கீழே, இதுதான் ஏற்பாடு. ஜமால் தன் கிட்டாரில் அடிமட்டத்தை மட்டும் விட்டுக்கொடுத்தான், கிழிசலையும் பல்லையும் விடவில்லை. உர்சுலா தன் பேஸில் கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்தாள், விரல் தந்தியில் படுவது தெரிகிற அளவுக்கு. உடனே அந்தச் சுவருக்கு அடியில் ஒரு தரை வந்தது, மச்சான். அதற்கு முன்னால் அந்தச் சுவர் ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தது, எனக்கு அது தெரியவில்லை.

ஆனால் கை போதவில்லை. பாட்டு ஓடும்போதே நாலைந்து குமிழை ஏற்றி இறக்க வேண்டும். மாஸ்டருக்கு ரெண்டு கை, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு, பாடுகிற பையனையும் டிரம்ஸ் பையனையும் எங்கே தேடுவது? உர்சுலா என்னைப் பார்க்காமலே ஒரு குமிழைக் காட்டி, "இதப் பிடிங்க. நான் தலையாட்டுறப்ப எட்டுக்குக் கொண்டு வாங்க, மறுபடி ஆட்டுனா அஞ்சு. வேற எதையும் தொடாதீங்க" என்றாள். அது அவளுடைய பேஸ் குமிழ். பதினாலு வருஷம் மற்றவர் காதுக்குத் தெரியாமல் பேஸை ஏற்றிய கை, அன்றைக்கு வியர்வை வழுக்க ஒரு குமிழைப் பிடித்துக்கொண்டு, மகளின் தலை எப்போது ஆடும் என்று கண் கொட்டாமல் நின்றது. ஆறாம் பாட்டில் டேப் நழுவி, முதலிலிருந்து பிடித்தோம். எட்டாம் பாட்டுக்கு ஜமாலின் அப்பா கீழே நின்று ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். அந்த ஹார்ன் டேப்பில் விழுமோ என்று நான் பதறி, விழாது அங்கிள், குமிழப் பிடிங்க என்று ஜமால் கத்தி, மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாஸ்டர் ரீலைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கலக்கும்போதே கூடவே பிடித்த கேசட் பிரதியில் ஒரு துண்டை ஜப்பான் செட்டில் ஓட்டினோம். பேஸ் இருந்தது. அளவாக, தன் இடத்தில், யாரையும் தள்ளாமல், யாராலும் தள்ளப்படாமல் இருந்தது. வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் நம் செட்டையும் திறந்து வெட்டினேன். பிரிஜட் என்னவென்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். "பதினாலு வருஷமா எனக்குத் தலைவலி வந்தது இதனாலயா?" என்று மட்டும் கேட்டாள். உர்சுலா சனிக்கிழமை முழுதும் பேசவில்லை. இன்றைக்கு லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது என் பக்கத்தில் நடந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும், "நாலாவது பாட்டுல ரெண்டு செகண்ட் லேட்டுப்பா நீங்க" என்றாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும். இனிமேல் நான் பூட்டும் எந்தப் பெட்டியிலும் அந்தக் கண்டென்சர் இருக்காது, இது மாதா மேல் சத்தியம்.

ஆகவே மச்சான், மீண்டும் சொல்கிறேன். அந்த டேப்பில் ஒவ்வொன்றும் எட்ட வேண்டிய இடத்தில் எட்டி நிற்கிறது. ஒரு மயிரிழை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். ஹெவி மெட்டல் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அது வேறு விஷயம், எனக்கும் பிடிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டு ரீலைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் காதின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒரு தடவை அதற்கு விடுமுறை கொடுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும். மாதாவின் போர்வை உங்கள் எல்லார் மேலும் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் அன்பு மைத்துனன்,
சவரிராஜ்

பி.கு.: திங்கள் காலை எட்டரை மணி. கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் போன் வந்துவிட்டது. பிள்ளை வாசிப்பு பிரமாதம், ஆனால் பேஸ் தாங்க முடியவில்லை, சாப்பாட்டு மேசை ஆடுகிறது, ஆகவே அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன் என்று சொன்னீர்கள். நன்றி வேறு எதிர்பார்த்தீர்கள். நான் ஏன் பதில் சொல்லாமல் போனை வைத்தேன் என்றால், உங்கள் வெள்ளி விழாக் கல்யாண நாளுக்கு நான் தோளில் சுமந்து வந்து கொடுத்த செட் என் கண் முன்னால் வந்து நின்றது. அது நான் ஸ்பெஷலாகப் பூட்டியது, மச்சான். உங்களுக்கென்று கண்டென்சர் ரெண்டு வைத்தேன். ஆகவே மேலே உங்கள் காதைப் பற்றி எழுதியதெல்லாம் தவறு, உங்கள் காதில் குற்றமில்லை. நேரில் ஒப்படைக்கச் சொன்னதையும் விட்டுவிடுங்கள். ரீலை யாரிடமும் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் ஓடிப்போய் வாங்கி வையுங்கள். திரும்பப் போன் பண்ணினேன், எடுக்க ஆள் இல்லை. இந்தக் கடிதத்தை ஆள் மூலம் அனுப்பவில்லை, நானே கொண்டு வருகிறேன். லவெண்டர் ஸ்த்ரீட்டில் ஒன்பதரை மணி பஸ். உர்சுலாவும் வருகிறாள். ஸ்க்ரூடிரைவரும் குறடும் அவள் பையில் இருக்கின்றன. என்னிடம் தரமாட்டேன் என்கிறாள்.

ச.